நம் போனில் இருக்கும் அடுத்தவர்

கொடைரோடு டோல்கேட்டைப் பற்றி எங்கள் ஊரில் ஒரு பகடி உண்டு. "திண்டுக்கல்ல காலேஜுக்குப் போறேன்" என்று சொல்லி அப்பாவின் காரை எடுத்துக்கொண்டு மதுரைக்குப் படம் பார்க்கக் கிளம்புகிறவனைக் காட்டிக்கொடுப்பது பக்கத்து வீட்டுக்காரர் இல்லை, கூடப் படிக்கிற எட்டப்பனும் இல்லை, ஃபாஸ்டேக். கண்ணாடியில் ஒட்டியிருக்கும் அந்தச் சின்னப் பட்டையைக் கருவி படித்து, கட்டை மேலே போவதற்குள் அப்பாவின் போனில் மெசேஜ் விழுந்துவிடும். இந்த டோலில், இத்தனை மணிக்கு, இத்தனை ரூபாய். பஸ்ஸில் போகிறவன் மாட்டமாட்டான். கார் இருக்கிற வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டுமே வாய்த்த சோதனை இது என்று டீக்கடையில் சிரித்துக்கொள்வோம்.

2021 பிப்ரவரி 15 நள்ளிரவிலிருந்து தேசிய நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடிகளில் ஃபாஸ்டேக் கட்டாயமானது. அதற்கு முன் சில்லறையை நீட்டி ரசீதை வாங்கிப் போகிறவரின் பெயரை யாரும் கேட்டதில்லை. வரிசை குறைந்தது, டீசல் மிச்சமானது, அதையெல்லாம் மறுக்க முடியாது. ஆனால் காசு கட்டுவது என்கிற ஒரு வேலை, காசு கட்டுவது, எங்கே போகிறோம் என்று எழுதி வைப்பது என்று இரண்டு வேலைகளாக மாறிவிட்டது. இரண்டாவது வேலையைச் செய்யச் சொல்லி நாம் யாரும் கேட்கவில்லை. பையன்கள் சமாச்சாரம் சிரிப்பு. ஆனால் வாடகை வண்டி ஓட்டும் ஒருவர் வழியில் அரை மணி நேரம் அக்கா வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போனாலும் முதலாளிக்குக் கணக்கு உதைக்கும். அவருக்கு இது சிரிப்பு இல்லை.

இதைச் சொன்னால் வருகிற பதில் எல்லோருக்கும் மனப்பாடம். "நமக்கு மறைக்க என்னப்பா இருக்கு? தப்புப் பண்றவன்தானே பயப்படணும்?"

இந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். கேட்கிறவர்கள் முட்டாள்கள் இல்லை. பெரும்பாலும் நேர்மையாக உழைத்துச் சாப்பிடுகிறவர்கள்தான் இதைக் கேட்கிறார்கள். இதற்கு எழுதப்படும் வழக்கமான பதில்களில்தான் எனக்குத் திருப்தி இல்லை. "உன் பேங்க் பாஸ்வேர்டைக் கொடு பார்ப்போம்" என்பது விவாதத்தில் வாயடைக்க உதவும், யோசிக்க உதவாது. "சர்வாதிகாரம் வரும்" என்பது வரலாற்றில் உண்மை. ஆனால் அம்மையநாயக்கனூரில் மளிகைக்கடை வைத்திருப்பவருக்கு அது நாளைக் காலைப் பிரச்சினை இல்லை.

இன்னொன்று, எங்கள் மாதிரி ஊர்களில் எல்லோருக்கும் எல்லாம் தெரியும். எந்த வீட்டில் எத்தனை மணிக்கு விளக்கு அணைகிறது, யார் பிள்ளை எந்த ரயிலில் வந்து இறங்கியது, யார் நகை எந்த அடகுக்கடையில் இருக்கிறது, அத்தனையும் தெரியும். கொடைரோடு ஸ்டேஷனில் இறங்கி, மலை இங்கேயேதான் இருக்கும் என்று அண்ணாந்து பார்க்கிற வெளியூர்க்காரரிடம் "இன்னும் எண்பது கிலோமீட்டர் போகணும் சார்" என்று சொல்கிற ஆட்டோக்காரர், போகிற வழியில் அவர் கதை முழுவதையும் வாங்கிவிடுவார். அப்படிப்பட்ட ஊரில் தனியுரிமை என்று பேசுவது மீனுக்குக் குடை பிடிக்கிற வேலையாகத் தோன்றலாம்.

ஆனால் ஊர் தெரிந்துகொள்வதற்கும் கருவி தெரிந்துகொள்வதற்கும் வித்தியாசம் உண்டு. என்னைப் பற்றி ஊருக்கு என்ன தெரியுமோ, அதில் பாதியாவது ஊரைப் பற்றி எனக்கும் தெரியும். என் கடனைப் பேசுகிறவரின் கடன் எனக்குத் தெரியும் என்பதால் அவர் நாக்குக்கு ஒரு அளவு உண்டு. பிறகு, ஊர் மறந்துவிடும். மறக்காவிட்டாலும் மறந்த மாதிரி நடந்துகொள்ளும், அது பெரிய நாகரிகம். என் ஃபாஸ்டேக் பதிவை வைத்திருப்பவர் யார், எத்தனை வருடம் வைத்திருப்பார், யாருக்குக் கொடுப்பார் என்று எனக்குத் தெரியாது. இதை வெறும் பயம் என்று தள்ளிவிட முடியாது. வாகனப் பதிவு, ஓட்டுநர் உரிமம் பற்றிய வாஹன், சாரதி தரவுகளை 87 தனியார் நிறுவனங்களுக்கும் 32 அரசு அமைப்புகளுக்கும் கொடுத்து 65 கோடி ரூபாய் வருமானம் வந்ததாக 2019 ஜூலையில் நாடாளுமன்றத்திலேயே சொல்லப்பட்டது. அந்த விற்பனைக் கொள்கை 2020இல் கைவிடப்பட்டது. கொடுத்த தரவு கொடுத்ததுதான்.

உடனே ஊரைப் புனிதமாக்கிவிடவும் எனக்கு மனமில்லை. ஊர் கண் எல்லோர் மீதும் ஒரே மாதிரி விழுந்ததில்லை. எந்தத் தெருப் பையன் எந்தத் தெருவில் நிற்கிறான் என்று பார்ப்பதற்கென்றே திண்ணைகள் இருந்தன. நிறையப் பெண்களுக்குத் தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளும் முதல் அறையே கையிலிருக்கும் போன்தான். எனவே "பழைய காலத்தில் எவ்வளவு நிம்மதி" என்ற பாட்டு இந்தக் கட்டுரையில் கிடையாது.

பழைய காலத்திலிருந்து நான் எடுத்துக்கொள்ள விரும்புவது ஒன்றே ஒன்று, மாட்டுச் சந்தைத் துண்டு. இளம் வாசகர்களில் சிலர் பார்த்திருக்க மாட்டீர்கள். விற்கிறவரும் வாங்குகிறவரும், அல்லது தரகரும், கையைக் கோத்துக்கொள்வார்கள். மேலே ஒரு துண்டு. துண்டுக்கு அடியில் விரல்கள் பேசும். ஒரு விரலைப் பிடித்தால் ஒரு கணக்கு, சேர்த்துப் பிடித்தால் வேறு கணக்கு. முகத்தில் ஒன்றும் தெரியாது. சுற்றிப் பத்துப் பேர் நின்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். பேரம் நடப்பது எல்லோருக்கும் தெரியும், என்ன விலை என்பது இரண்டு பேருக்கு மட்டும்.

அதில் திருட்டு எதுவும் இல்லை. அவசரத்துக்கு மாட்டை விற்க வந்தவர் எவ்வளவுக்கு இறங்கினார் என்று பக்கத்தில் நிற்பவருக்குத் தெரிந்துவிட்டால், அவருடைய அடுத்த மாட்டின் விலை அங்கேயே நிர்ணயமாகிவிடும். அதிகம் கொடுத்து வாங்கியவர் வீட்டுக்குப் போகிற வழியிலேயே ஏமாளி என்று பெயர் வாங்குவார். துண்டு இரண்டு பேரையும் காப்பாற்றியது. இதற்கு எங்கள் பக்கம் ஒரு சொல் உண்டு, கமுக்கம். அந்தரங்கம் என்றால் படுக்கையறை வாடை வருகிறது, தனியுரிமை என்றால் கோர்ட்டு வாடை. கமுக்கத்தில் குற்றமும் இல்லை, வெட்கமும் இல்லை. சொல்ல வேண்டிய ஆளிடம் மட்டும் சொல்வது.

இப்போது கொடைரோட்டில் சாலையோரம் திராட்சை விற்கும் அக்காவின் தள்ளுவண்டியில் சவுண்ட் பாக்ஸ் இருக்கிறது. காசு விழுந்ததும் தொகையைச் சத்தம் போட்டுச் சொல்கிறது. பக்கத்து வண்டிக்காரருக்கும் கேட்கும், தண்டல் வசூலிக்க வருகிறவருக்கும் கேட்கும். அந்த அக்காவிடம் கேட்டால், பணம் வந்ததாகப் போலி ஸ்க்ரீன்ஷாட் காட்டி ஏமாற்றுகிறவர்களிடமிருந்து அதுதான் காப்பாற்றுகிறது என்பார். சரிதான். ஆனால் துண்டை எடுத்துவிட்டோம் என்பதும் சரிதான்.

இனி என் சித்தப்பா கடைக்கு வருகிறேன். நிலக்கோட்டையில் பூக் கமிஷன் கடை. மல்லிகை, சம்பங்கி, கனகாம்பரம். முகூர்த்த நாளில் வானத்துக்கும் ஆடி மாதத்தில் பாதாளத்துக்கும் போகிற விலை. விவசாயிகள் பூவைக் கொண்டுவந்து எடை போட்டுச் சீட்டு வாங்கிப் போவார்கள். முன்பணம் வாங்குவார்கள், பூவில் கழியும். யாருக்கு எவ்வளவு முன்பணம் என்பது சித்தப்பாவின் நீளமான சிட்டை நோட்டில் இருக்கும். அந்த நோட்டைக் கல்லாப்பெட்டிக்குக் கீழே வைத்திருப்பார். சித்தி கேட்டால்கூடக் காட்டமாட்டார். "அது என் நோட்டு இல்ல, அவங்க நோட்டு. எங்கிட்ட இருக்கு, அவ்வளவுதான்" என்பார். சின்ன வயதில் இதைப் பெரிய பந்தா என்று நினைத்திருக்கிறேன்.

மூன்று வருடங்களுக்கு முன் அவர் மகன் நோட்டை ஒரு கணக்கு ஆப்பில் ஏற்றினான். பெயரை அடித்தால் போன் புத்தகத்திலிருந்து எண்ணை அதுவே எடுத்துக்கொண்டது. நல்ல வசதி. ஒரு மாதம் கழித்து அந்த ஆப், யாரும் சொல்லாமலே, பாக்கி உள்ளவர்களுக்கெல்லாம் கடை பெயரோடு நினைவூட்டல் அனுப்பியது. ஒரு பெரியவர் கொடுத்திருந்த எண் அவர் மருமகளுடையது. அவரிடம் போன் கிடையாது. பேத்தி காதுகுத்துக்கு என்று மகனுக்கும் தெரியாமல் அவர் வாங்கிய முன்பணம், அந்த மருமகள் போனில், தொகையோடு, தமிழில், வந்து நின்றது. வீட்டில் நடந்ததை நான் எழுதப் போவதில்லை, அது அவர்கள் விஷயம். பெரியவர் மூன்று வாரம் பூ கொண்டுவரவில்லை. வந்தபோது வேறு கடைக்குப் போனார். முன்பணத்தை மட்டும் ஒரு காசு பாக்கியில்லாமல் ஆள் மூலம் கொடுத்தனுப்பினார். சித்தப்பா அந்தப் பணத்தை எண்ணவே இல்லை.

"நமக்கு மறைக்க என்ன இருக்கு?" என்ற கேள்வி எங்கே தடுமாறுகிறது என்று எனக்குப் புரிந்தது இங்கேதான். அந்தக் கேள்வி "நமக்கு" என்று தொடங்குகிறது. சித்தப்பாவுக்கு மறைக்க ஒன்றுமே இல்லை. ஆனால் அவர் போனில் இருந்தது அவர் கணக்கு மட்டும் இல்லை. என் போனைத் திறந்தாலும் அப்படித்தான். என்னை நம்பி எண் கொடுத்த அறுநூறு பேர், வயிற்றைக் காட்டி எடுத்த ஸ்கேன் ரிப்போர்ட்டை "கொஞ்சம் பாரு" என்று அனுப்பிய அத்தை, நள்ளிரவில் அழுதபடி வாய்ஸ் நோட் போட்ட நண்பன், குளித்துவிட்டுத் துண்டோடு ஓடும் அக்கா குழந்தையின் படம். "தொடர்புகளைப் பார்க்க அனுமதிக்கவா?" என்று ஒரு விளையாட்டு ஆப் கேட்கும்போது நான் அழுத்தும் 'அனுமதி' அத்தனை பேர் சார்பில் போடும் கையெழுத்து. அவர்கள் யாரும் எனக்கு அதிகாரப் பத்திரம் எழுதித் தரவில்லை.

இந்தியச் சட்டம் இதை ஒரு இடத்தில் அழகாகத் தொட்டிருக்கிறது. 2004இல் ஐதராபாத் மாவட்டப் பதிவாளருக்கும் கனரா வங்கிக்கும் இடையிலான வழக்கு. ஆந்திரப் பிரதேசத்தின் முத்திரைச் சட்டத் திருத்தம், வங்கிக்குள் புகுந்து வாடிக்கையாளர் ஆவணங்களைப் பரிசோதிக்கவும் எடுத்துச் செல்லவும் அதிகாரிகளுக்கு வாசலைத் திறந்து வைத்திருந்தது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1976இல் மில்லர் வழக்கில், வங்கியிடம் கொடுத்துவிட்ட பதிவுகள்மேல் வாடிக்கையாளருக்கு அந்தரங்கம் கோர இடமில்லை என்று சொல்லியிருந்தது. நம் உச்ச நீதிமன்றம் அந்த வழியில் போகவில்லை. தனியுரிமை இடத்தோடு ஒட்டியது இல்லை, ஆளோடு ஒட்டியது, ஆவணம் வங்கியின் கையில் இருந்தாலும் அதன் ரகசியம் வாடிக்கையாளருடையதுதான் என்றது. சித்தப்பா அந்தத் தீர்ப்பைப் படித்ததில்லை. அவர் நோட்டைப் பற்றிச் சொன்னது அதையேதான்.

பிறகு 2017 ஆகஸ்ட் 24இல், ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி தொடுத்த வழக்கில் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தனியுரிமை அடிப்படை உரிமை என்றார்கள். இதை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறோம். எனக்கு அதைவிட நெருக்கமாக இருப்பது எங்கள் பக்கத்து வழக்கு ஒன்று. பரமக்குடியில் விவாகரத்து கேட்ட ஒரு கணவர், மனைவியின் போன் அழைப்புப் பட்டியலை அவருக்குத் தெரியாமல் எடுத்து ஆதாரமாக வைத்தார். 2024 அக்டோபரில் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் அதை ஏற்கவில்லை. கணவன் மனைவிக்கு இடையிலும் தனியுரிமை உண்டு, அதை மீறி எடுத்தது ஆதாரம் ஆகாது என்றார். ஆனால் 2025 ஜூலையில், வேறொரு தம்பதியின் வழக்கில், ரகசியமாகப் பதிவு செய்த உரையாடலை விவாகரத்து வழக்கில் ஆதாரமாக வைக்கலாம் என்றது உச்ச நீதிமன்றம். வேவு பார்க்கிற அளவுக்குப் போயிருந்தால் அந்தத் திருமணம் ஏற்கெனவே உடைந்திருக்கிறது என்பதும் அதன் வாதங்களில் ஒன்று.

கோர்ட்டுக்கு உண்மை தேவைப்படுகிறது என்பது எனக்குப் புரிகிறது. வன்முறைக்கு ஆளாகும் ஒரு பெண்ணிடம் இருக்கும் ஒரே சாட்சி அந்தப் பதிவாக இருக்கலாம் என்பதும் புரிகிறது. இருந்தாலும் மதுரைத் தீர்ப்பின் பக்கம்தான் என் மனம் சாய்கிறது. விவாகரத்து வரைக்கும் போகாத லட்சம் வீடுகளில் அந்த இரண்டு தீர்ப்புகளில் எது காதில் விழுகிறது என்பதைப் பொறுத்து, இன்றிரவு யாரோ ஒருவர் போனை எடுப்பார் அல்லது எடுக்கமாட்டார்.

அடுத்தவர் கணக்கை வைத்து ஒருவரை எப்படிக் கொல்லலாம் என்பதை நமக்குக் காட்டியது கடன் ஆப்கள். கொரோனா காலத்தில் ஐந்தாயிரம் ரூபாய்க்காக அவற்றை இறக்கியவர்கள் அடமானம் வைத்தது நகையை இல்லை, போன் புத்தகத்தை. தவணை தவறியதும் அம்மாவுக்கும் மேலதிகாரிக்கும் பழைய டீச்சருக்கும் அழைப்பு போனது. படங்களை ஆபாசமாக மாற்றி அனுப்பினார்கள். தமிழ்நாட்டிலும் தெலங்கானாவிலும் உயிர்கள் போயின. 2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி, கடன் ஆப்கள் தொடர்புப் பட்டியல், அழைப்புப் பதிவு, படங்கள் எதையும் தொடக் கூடாது என்று விதி போட்டது. அந்த ஆப்களிடமிருந்து அழைப்பு வந்தவர்களில் பெரும்பாலோர் கடன் வாங்கியவர்களே இல்லை என்பதைக் கவனியுங்கள். யாரோ ஒருவர் போனில் பெயராக இருந்தார்கள், அவ்வளவுதான் அவர்கள் செய்தது.

2023இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதில் ஒரு விலக்கு உண்டு. தனிநபர் ஒருவர் தன் சொந்த, வீட்டு உபயோகத்துக்காகக் கையாளும் தரவுகளுக்குச் சட்டம் பொருந்தாது. அது நியாயமான விலக்கு. கல்யாண ஆல்பத்துக்கெல்லாம் சம்மதப் படிவம் வாங்கிக்கொண்டிருக்க முடியாது. ஆனால் இதன் பொருள், என் போனில் இருக்கும் அத்தையின் ஸ்கேனையும் நண்பனின் அழுகையையும் நான் என்ன செய்கிறேன் என்று கேட்க பெரும்பாலும் எந்த அதிகாரியும் வரப்போவதில்லை. என்னை நானே கேட்டுக்கொண்டால்தான் உண்டு.

கேட்டுக்கொண்டால் செய்ய வேண்டியவை பெரிய தொழில்நுட்பம் இல்லை. போனின் அமைப்புகளுக்குப் போய் எந்தெந்த ஆப்புக்குத் தொடர்புகள், மைக், இருப்பிடம் திறந்திருக்கிறது என்று பார்த்து, தேவையில்லாததை மூட பத்து நிமிடம் போதும். டார்ச் லைட் ஆப்புக்கு உங்கள் அம்மாவின் எண் எதற்கு? கடைக்குத் தனி எண், தனி போன் வைத்துக்கொள்வது வசதி உள்ளவர்களுக்கு நல்லது. ஒருவர் எண்ணை இன்னொருவருக்குக் கொடுக்கும்முன் "கொடுக்கலாமா?" என்று கேட்பதற்கு வசதியும் தேவையில்லை. கேமரா மாட்டினால் அதோடு வந்த பாஸ்வேர்டை மாற்றுவது கட்டாயம். 2025 தொடக்கத்தில் ராஜ்கோட்டின் ஒரு மகப்பேறு மருத்துவமனையில் பெண்களைப் பரிசோதிக்கும் காட்சிகள் கேமராவிலிருந்து திருடப்பட்டு இணையத்தில் விற்கப்பட்டன. திருட்டுக்கு வழிவிட்டது பலவீனமான பாஸ்வேர்டு. திண்டுக்கல்காரன் இவ்வளவு நேரம் பூட்டைப் பற்றிப் பேசவில்லையே என்று நினைத்திருப்பீர்கள். 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய பூட்டு எங்களுடையது. ஆனால் சாவியைப் பூட்டிலேயே தொங்கவிட்டு விற்கும் கேமராவுக்கு எந்த ஊர்ப் பூட்டும் உதவாது.

எல்லாக் கண்ணும் தீமை இல்லை. கொடைக்கானல் போகும் வெளியூர் வண்டிகளுக்கு 2024 மே 7 முதல், உயர் நீதிமன்ற உத்தரவின்படி, இ-பாஸ் எடுக்க வேண்டும். எத்தனை பேர், எத்தனை நாள், எங்கே தங்குகிறோம் என்று பதிய வேண்டும். மலை எத்தனை வண்டியைத் தாங்கும் என்று தெரிந்துகொள்ளத்தான் அது, நான் அதை ஆதரிக்கிறேன். மலைக்குத் தேவை எண்ணிக்கை. யார் யாரோடு எந்த லாட்ஜில் தங்கினார்கள் என்பது மலைக்குத் தேவையில்லை. எண்ணிக்கை கிடைத்த பிறகு பெயர்களை வைத்திருக்க என்ன காரணம் என்று கேட்பது சுற்றுச்சூழலுக்கு எதிரான கேள்வி ஆகாது.

சித்தப்பா கடையிலும் கேமரா இருக்கிறது. மாட்டச் சொன்னது அவர் இல்லை, விவசாயிகள். எடையில் தகராறு வந்தால் காட்ட ஒரு சாட்சி வேண்டும் என்றார்கள், எடைத் தராசு விஷயத்தில் அவர்கள் பட்டது அப்படி. முதலில் அது கடை முழுவதையும் பார்த்தது. முன்பணம் கொடுக்கும் மேசை, யார் எத்தனை முறை வந்து நிற்கிறார்கள், எல்லாம். பெரியவர் விஷயத்துக்குப் பிறகு சித்தப்பா ஏணி போட்டு அதைக் கீழே திருப்பினார். இப்போது தராசின் தட்டும் எண் தெரியும் பலகையும் மட்டும்தான் அதில் விழும். அவர் மகனுக்கு இதில் உடன்பாடு இல்லை, கல்லாவில் திருட்டுப் போனால் யார் பார்ப்பது என்கிறான். அதுவும் நியாயமான கேள்விதான், அவர்களுக்குள் இன்னும் தீரவில்லை. போன வாரம் நான் போயிருந்தபோது சம்பங்கி மூட்டையை இறக்கிய ஒரு அம்மா திரையை எட்டிப் பார்த்தார். தன் இரண்டு கைகளும் பூவும் 14.200 என்ற எண்ணும் மட்டும் தெரிந்தன.

"எம் மூஞ்சி தெரியாதாப்பா இதுல?"

"தெரியாதும்மா."

"அப்பச் சரி" என்று முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு, மேசைப் பக்கம் போய், சித்தப்பாவிடம் குரலைத் தாழ்த்தி ஏதோ கேட்டார். என்ன கேட்டார் என்று எனக்குக் கேட்கவில்லை.